பரிசோதனைச் சாலை யாருக்குக் காவல்?

(குடிநீர்த் தொழிலாளர்களும், நகரசுத்தித் தொழிலாளர்களும், ஆஸ்பத்திரி ஊழியர்களும் கலந்துகொண்ட கல்வி வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பொதுச் சுகாதாரப் பரிசோதனைச் சாலைகள். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர ஊழியனாக வந்தவனுக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். முன்வரிசையில் லேப் டெக்னீஷியன் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிருமியைப் பற்றி நான் பாடம் நடத்தினால் சிரிப்பார்கள். கிருமியைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கண்டுபிடித்த பிறகு அந்தச் செய்தி எங்கே போகிறது, யார் அதை அமுக்குகிறார்கள், யார் அதற்காகப் பணம் செலவழிக்க மறுக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் உரிய விஷயம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு லேப் இருக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீர் எடுக்கிறார்கள், இந்த மனிதனுக்கு என்ன வியாதி என்று சொல்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதனைச் சாலை கேட்கும் கேள்வி வேறு. இந்தத் தெருவுக்கு என்ன வியாதி? இந்தக் கிணற்றுக்கு என்ன வியாதி? நேற்று மூன்று பேர், இன்று ஏழு பேர் என்று ஒரே பேட்டையிலிருந்து வருகிறார்களே, எல்லோர் வயிற்றிலும் ஒரே கிருமிதானா? முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் ஒரு நோயாளி பிழைப்பான். இரண்டாவது கேள்விக்கு நேரத்தில் பதில் சொன்னால், நோயாளியே ஆகாமல் பல ஆயிரம் பேர் தப்பிவிடுவார்கள். தப்பியவர்களுக்குத் தாங்கள் தப்பியதே தெரியாது. அதனால்தான் இந்தச் சாலைகளுக்கு யாரும் மாலை போடுவதில்லை. பட்ஜெட்டில் வெட்டு விழுந்தாலும் யாரும் கேட்பதில்லை.

இதற்கு உதாரணமாக ஒரு நகரத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் எல்பா நதிக்கரையில் இருக்கும் ஹாம்பர்க். 1892-ஆம் வருஷம்.

அன்றைக்கு ஹாம்பர்க், ஐரோப்பாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. கப்பல் முதலாளிகளும் வியாபாரிகளும் ஆண்ட நகரம். ஆண்டார்கள் என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நகரத்தின் சட்டசபையில் 160 ஸ்தானங்கள். அதில் 80 ஸ்தானங்களுக்குத்தான் பொது வாக்குரிமை பெற்ற பிரஜைகள் ஓட்டுப் போடலாம். அந்தப் பிரஜா உரிமைக்கும் கட்டணம் உண்டு. கூலித் தொழிலாளி கட்ட முடியாத கட்டணம். மீதி 80-இல் 40 வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு, 40 பதவியில் இருந்த பெரிய மனிதர்களுக்கு. ஆனால் ஜெர்மன் நாடு முழுவதற்குமான பார்லிமெண்டுக்கு ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. 1890-இல் அந்தத் தேர்தலில் ஹாம்பர்க்கின் மூன்று ஸ்தானங்களையும் சோஷல் டெமாக்ரட்டுகள் பிடித்தார்கள். ஒரே நகரம்; நாட்டுத் தேர்தலில் தொழிலாளியின் குரல், உள்ளூர் நிர்வாகத்தில் வீட்டுச் சொந்தக்காரனின் குரல். குடிதண்ணீர் யார் கையில் இருந்தது? வீட்டுச் சொந்தக்காரன் கையில்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? எல்பா நதியிலிருந்து நேராக. 1842-இல் பெரிய தீ விபத்து ஒன்று நகரத்தின் நடுப்பகுதியைத் தின்றது. அதன் பிறகு வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேய எஞ்சினியர் நல்ல சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் அமைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வீடு குழாய். ஐரோப்பாவே மெச்சிய ஏற்பாடு. ஆனால் மணல் படுகையில் வடிகட்டும் வேலை மட்டும் நடக்கவில்லை. வடிகட்ட வேண்டும் என்று எஞ்சினியர்கள் சொன்னார்கள். செலவை யார் கொடுப்பது, வரியை வீட்டின் மேல் போடுவதா வாடகைதாரன் மேல் போடுவதா என்று பல வருஷம் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். 1880-களில் ஒரு விலங்கியல் அறிஞர் இந்தக் குழாய்களுக்குள் என்னென்ன பிராணிகள் வாழ்கின்றன என்று ஆராய்ந்து ஒரு பெரிய பட்டியலே வெளியிட்டார். நகரத்தார் படித்துச் சிரித்தார்கள். வடிகட்டி கட்டத் தீர்மானம் வந்து வேலை தொடங்கியது கடைசி நேரத்தில்தான். காலரா வந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை.

பக்கத்திலேயே ஆல்டோனா என்று இன்னொரு நகரம். அது பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் கோட்டை இல்லை, ஆறு இல்லை. தெருவின் இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் ஆல்டோனா. ஆல்டோனாவும் எல்பா தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்த தண்ணீர்! ஆனால் 1859 முதல் அதை மணலில் வடிகட்டிக் குடித்தது.

1892 ஆகஸ்டு நடுவில் துறைமுகப் பகுதிகளில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். வாந்தி, பேதி, கண் குழிந்து உடல் நீலம் பாரித்துச் சாவு. டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் காலரா என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் துறைமுகம் மூடப்படும், கப்பல் நிற்கும், வியாபாரம் நிற்கும். ருசு வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். அந்தக் காலத்தில் ருசு என்றால் நோயாளியின் கழிவிலிருந்து கிருமியை ஊன்பசைத் தட்டில் வளர்த்துக் காட்டுவது. எப்பன்டார்ப் ஆஸ்பத்திரியில் அதைச் செய்து முடிப்பதற்குச் சில நாட்கள் ஆயின. காலராவை உடனே இனம் காணக்கூடிய தயார்நிலையில் அந்தப் பெரிய நகரத்தில் ஒரு பொதுப் பரிசோதனை ஏற்பாடு இல்லை. அந்த நாட்களில் குழாய்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ‘எங்கள் துறைமுகத்தில் நோய் இல்லை’ என்ற சான்றிதழோடு கப்பல்கள் புறப்பட்டன. ஆகஸ்டு 17-இல் புறப்பட்ட மொராவியா என்ற கப்பல் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஏழைகளைச் சுமந்து சென்றது. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கடலில் மாண்டார்கள்; பெரும்பாலும் குழந்தைகள்.

பெர்லினிலிருந்து ராபர்ட் காக் அனுப்பப்பட்டார். ஆகஸ்டு 24-இல் அவர் வந்து சேர்ந்தார். காலராக் கிருமியை எகிப்திலும் பிறகு நம் கல்கத்தாவிலும் தேடிப் பிடித்து, 1884-இல் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். கல்கத்தாவில் ஏழைகள் குடிக்கவும் குளிக்கவும் உபயோகித்த குளத்துத் தண்ணீரில் அந்தக் கிருமியை அவர் கண்டிருந்தார். ஆகையால் ஹாம்பர்க்கில் அவருக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. கொதிக்க வைத்த தண்ணீரை வண்டிகளில் ஏற்றித் தெருத் தெருவாகக் கொடுக்க ஏற்பாடாயிற்று. இரண்டு வருஷம் முன்புவரை விசேஷச் சட்டம் போட்டு வேட்டையாடிய சோஷல் டெமாக்ரட் தொழிலாளர்களைக் கூப்பிட்டு, எச்சரிக்கைத் துண்டுப் பிரசுரங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னது நிர்வாகம். ஏன் அவர்களைக் கூப்பிட்டது? தொழிலாளர் பேட்டைகளில் எந்தச் சந்துக்குள் எத்தனை குடும்பம் என்று வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தார்கள்.

அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சில வாரங்களில் சுமார் 17,000 பேருக்கு நோய். 8,600 பேருக்கு மேல் சாவு. சாவு எல்லோரையும் சமமாகப் பார்த்ததா என்றால், இல்லை. வருமானம் குறையக் குறையச் சாவு விகிதம் ஏறியது. பணக்காரன் வீட்டில் தண்ணீரைக் காய்ச்ச வேலைக்காரி இருந்தாள், ஊரை விட்டுப் போக ரயில் டிக்கெட்டுக்குக் காசு இருந்தது.

காக் செய்த ஒரு வேலை இன்றைக்கும் மாணவர்களுக்குப் பாடம். இரண்டு நகரங்களுக்கும் எல்லையான தெருவில் நின்று வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பார்த்தார். ஹாம்பர்க் தண்ணீர் போகும் பக்கம் காலரா. ஆல்டோனா தண்ணீர் போகும் பக்கம் இல்லை. மண் ஒன்று, காற்று ஒன்று, வறுமையும் ஒன்று. எல்லைக்குள் ஹாம்பர்க் பக்கத்தில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு இருந்தது. ஏதோ வசதியை முன்னிட்டு அதற்கு மட்டும் ஆல்டோனா குழாயிலிருந்து இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒருவருக்கும் நோய் வரவில்லை! யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத சோதனையை ஒரு குழாய் இணைப்பு செய்து காட்டிவிட்டது.

இதற்குப் பிறகும் ஒரு பெரிய மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. மியூனிக் நகரத்துப் பெட்டன்கோபர். சுகாதார விஞ்ஞானத்தின் மூத்த ஆசான், நல்ல மனிதர். காலராவுக்கு மண்ணும் காலநிலையும்தான் முக்கியக் காரணம், கிருமி மட்டும் போதாது என்பது அவர் வாதம். 1892 அக்டோபரில், எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர், கிருமி வளர்த்த திரவத்தை எல்லோர் முன்னிலையிலும் குடித்தார். லேசாக வயிற்றுப்போக்குப் போனது, பிழைத்துக்கொண்டார். அவர் தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் அவர் கொள்கை யாருக்கு உபயோகப்பட்டது? வடிகட்டிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு. விஞ்ஞானத்தில் இரண்டு அபிப்பிராயம் இருக்கும்போது, எது செலவில்லாததோ அதைத்தான் வரி கட்டுகிறவர்கள் விஞ்ஞானம் என்று பிடித்துக்கொள்வார்கள். இன்றும் அப்படித்தான்.

மறு வருஷம் மே மாதத்தில் ஹாம்பர்க்கின் வடிகட்டி ஓட ஆரம்பித்தது. பல வருஷம் முடியாத வேலை சில மாதங்களில் முடிந்தது. நகரத்துக்கென்று ஒரு சுகாதாரப் பரிசோதனை நிலையமும் அந்தச் சமயத்தில்தான் நிறுவப்பட்டது.

வடிகட்டி கட்டிவிட்டால் போதுமா? இங்கேதான் நம் விஷயம் வருகிறது. 1893 ஆரம்பத்தில் கடும் குளிர். ஆல்டோனாவின் மணல் படுகைகளில் பனி உறைந்தது. உறைந்த படுகையைச் சுத்தம் செய்யப்போய் வடிகட்டும் தன்மை கெட்டது. ஆல்டோனாவிலேயே காலரா தலைகாட்டியது! காக் இதை ஆராய்ந்து ஒரு விதியை வலியுறுத்தினார். ஒவ்வொரு படுகையிலிருந்தும் வெளிவரும் தண்ணீரைத் தினம் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரை ஊருக்கு விடக் கூடாது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, நாற்றம் இல்லை என்பதெல்லாம் சாட்சி ஆகாது. தினசரிச் சோதனை என்ற வழக்கம் வேர் பிடித்தது இப்படித்தான். எந்திரத்தைக் கட்டுவது ஒரு நாள் விழா. அது வேலை செய்கிறதா என்று தினம் பார்ப்பது ஊதியம் கொடுத்து வைக்க வேண்டிய ஆள்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹாம்பர்க் சம்பவம் நடந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1992-இன் கடைசி மாதங்களில், சென்னையில் பேதி நோயாளிகள் வந்தார்கள். பார்த்தால் காலராவேதான். கிருமியும் காலராக் கிருமி மாதிரியே இருக்கிறது. ஆனால் வழக்கமான எதிர்ச்சீரத்தை ஒரு துளி விட்டால் கிருமிகள் திரண்டு ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை. ‘இது காலரா அல்ல’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நம் பரிசோதனைச் சாலைக்காரர்கள் அப்படிப் போகவில்லை. அன்றைக்கு இந்த இனத்தில் தெரிந்திருந்த வகைகள் 138. அந்த 138 எதிர்ச்சீரங்களுக்கும் இந்தக் கிருமி அடங்கவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் இது புதியது: 139-ஆவது. அந்த அலை சீக்கிரமே வங்காளத்திலும் பங்களாதேஷிலும் அடித்தது. பழைய காலராவுக்கு உடலில் எதிர்ப்பு ஏறியிருந்த பெரியவர்களையும் அது தாக்கியது. சென்னையும் வேலூரும் கல்கத்தாவும் டாக்காவும் செய்த வேலையால், எதை எதிர்த்து நிற்கிறோம் என்பது சில மாதங்களுக்குள் தெரிந்தது.

கல்கத்தாவைச் சொன்னதும் சம்பு நாத் தே ஞாபகம் வருகிறார். காலராக் கிருமி மனிதனைக் கொல்வது அது கக்கும் விஷத்தால் என்று 1959-இல் முயலின் குடலில் சோதித்துக் காட்டியவர். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது இந்த நாடு அவருக்குச் செய்த மரியாதை மிகக் குறைவு. இது வழியில் சொல்லிவைத்த விஷயம், மேலே போவோம்.

1986-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எய்ட்ஸ் என்பது அமெரிக்கக்காரன் வியாதி, நம் கலாசாரத்தில் அது நுழையாது என்று பெரிய பதவியில் இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் நுண்ணுயிரியல் ஆசிரியை. அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா. தடுப்புக் காவலில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களைச் சந்தித்து, நூறு பேர் அளவில் ரத்தம் சேகரித்தார் நிர்மலா. மாதிரிகளை வைக்கச் சரியான இடம் இல்லை. தன் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேறி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் சோதனைக்கூடத்தில் பரீட்சை நடந்தது. ஆறு மாதிரிகளில் நிறம் மாறி மஞ்சள் தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அந்தச் சிறு தட்டில்தான் முதலில் தெரிந்தது.

இதில் நான் கவனிக்கும் விஷயம் இரண்டு. தேட வேண்டாம் என்று மேலிருந்து சொன்ன இடத்தில் அந்தப் பெண்மணிகள் தேடினார்கள். அதனால் ரத்தம் ஏற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்ற நிலைமை நாட்டில் வந்தது. எத்தனையோ பேர் தப்பினார்கள். மற்றொன்று, ரத்தம் கொடுத்த பெண்களின் கதி. அவர்களுடைய ரத்தம் தேசத்தை எச்சரித்தது. தேசம் அவர்களுக்கு என்ன கொடுத்தது? பழியைத்தான். பரிசோதனைச் சாலை ‘இங்கே நோய் இருக்கிறது’ என்று சொன்னால், சமூகம் ‘இவர்கள்தான் நோய்’ என்று மாற்றிப் படிக்கிறது. கொரோனா காலத்தில், 2020-இல், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் மற்ற இடங்களிலும் டெக்னீஷியன்கள் ராப்பகலாகச் சோதித்தபோது, ‘பாசிட்டிவ்’ என்று தகவல் வந்த வீட்டைத் தகரம் வைத்து அடைத்ததை நாம் பார்த்தோமே! மருந்தும் சாப்பாடும் வருவதற்கு முன் தகரம் வந்தது.

இப்போது நம் தண்ணீருக்கு வருகிறேன். இந்தக் கூட்டத்தில் வால்வு திறக்கும் தோழர்கள் பாதிப்பேர் இருக்கிறீர்கள்.

ஒரு குழாய்த் தண்ணீர் சோதனைக்கு எப்படிப் போகிறது? குழாய் வாயைச் சுட்டுச் சுத்தம் செய்து, இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓட விட்டு, கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டிக்குள் முன்பே சிறிது தயோசல்பேட் போட்டிருப்பார்கள். அது எதற்கு என்றால், தண்ணீரில் உள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வந்தால் சோதனை பொய்யாகிவிடும். அதை அப்போதே முறிப்பதற்கு. பிறகு ஐஸில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், போனால் போகட்டும் என்றால் ஒரு நாளைக்குள் லேபுக்குச் சேர்க்க வேண்டும். அங்கே குழம்பு ஊற்றிய குழாய்களில் தண்ணீரைக் கலந்து 37 டிகிரி சூட்டில் இரண்டு நாள் வரை வைக்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் குழாயைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதில் வாயுக் குமிழ் சேர்ந்தால் கோலிபார்ம் கிருமி இருக்கலாம் என்று அர்த்தம். மலத்திலிருந்து வந்ததுதானா என்று பிறகு 44 டிகிரியில் உறுதி செய்கிறார்கள். சர்க்கார் விதிப்படி, குடிதண்ணீரில் 100 மில்லியில் இந்த மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இவ்வளவு நுணுக்கமான சோதனை. இதைக் கெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: மாதிரியைத் தப்பான இடத்தில் எடுப்பது. மேல்நிலைத் தொட்டியின் அடியில், குளோரின் போட்ட பத்தாவது நிமிஷம் எடுத்தால் எந்த ஊர்த் தண்ணீரும் அமிர்தம்தான். குழாய் வரிசையின் கடைசியில், சாக்கடையை ஒட்டிப் போகும் பழைய பைப்பில், இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் சேரியில் எடுத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்றுபோகும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை வழியாகச் சாக்கடையை உள்ளே இழுக்கும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் வேலை செய்த ஓர் ஊரில் இப்படி நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு காலனியில் வரிசையாகப் பேதி. மாதிரி எடுத்தார்கள், தொட்டியடியில்தான் எடுத்தார்கள். நாங்கள் சண்டை போட்டபின் கடைசித் தெருவில் மறுபடி எடுத்தார்கள். ரிப்போர்ட் பதினோராவது நாள் வந்தது. சோதனைக்கு ஆனது மூன்று நாள். மீதி எட்டு நாள் காகிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்தது. அந்த எட்டு நாளும் ஜனங்கள் அதே தண்ணீரைக் குடித்தார்கள். அந்த லேபில் இருந்த டெக்னீஷியன் காண்ட்ராக்ட் ஊழியர். முடிவு தெரிந்த அன்றைக்கே நேராகக் காலனிக்குப் போன் செய்திருக்க முடியும். செய்தால் அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுமா? நீங்களே சொல்லுங்கள். டெக்னீஷியனின் வேலை நிரந்தரம் என்பது அவருடைய சம்பளக் கோரிக்கை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மற்றத் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆகவே சங்கம் செய்யக்கூடிய வேலைகள் சில. வார்டு வாரியாக எந்தெந்தக் குழாயில் மாதிரி எடுக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. கடைசித் தெருக்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரிப்போர்ட் வந்த தேதியையும் மாதிரி எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். முடிவை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

லேபுக்குப் போகாமலே நாம் பார்க்கக் கூடியதும் உண்டு. குளோரோஸ்கோப் உங்களில் பலர் கையில் இருக்கிறது. தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும்; நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இன்னொன்று, 1982-இல் மாஞ்சா முதலிய இந்திய விஞ்ஞானிகள் வகுத்த காகிதப்பட்டைச் சோதனை. சிறு புட்டிக்குள் மருந்தில் தோய்த்த காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கறுத்தால் சந்தேகம், உடனே லேபுக்கு. கறுக்காவிட்டால் எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் கறுத்ததை யாரும் மறைக்க முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

நேற்று இந்த ஊரில் மூன்று இடங்களில் தண்ணீர் பிடித்து, மூன்று புட்டிகளைத் தோழர்கள் இந்த மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். ஒன்று மேல்நிலைத் தொட்டி, ஒன்று பஸ் ஸ்டாண்டு, ஒன்று ஆற்றோரக் குடியிருப்பின் கடைசிக் குழாய். எது எது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. நான் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். டீ வருவதற்குள் வரிசையாக வந்து பாருங்கள். பிறகு டெக்னீஷியன் தோழர்கள் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள்.